ஈசூனில் தொடங்கி ஒன்பது மால்கள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுப் பக்கத்து மால் கண்ணெதிரே இவ்வளவு பெரிதானது எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அதை வைத்திருக்கும் ஃபிரேசர்ஸ் சென்டர்பாயிண்ட் டிரஸ்ட்டின் ஆண்டறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன், அப்புறம் அதில் கொஞ்சம் யூனிட்டும், அதாவது பங்கு மாதிரி, வாங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பதில்களை அந்தக் கணக்கோடு படியுங்கள். அன்றிலிருந்து கோயில் அன்னதான வரிசையிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். கடைத்தொகுதி என்பதுதான் நாம் எழுதும் சொல், ஆனால் பேசும்போது எல்லாரும் மால் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

"எந்த மாலுக்குப் போனாலும் ஃபிரேசர்ஸ்னு போட்டிருக்கே, யாரு அவங்க?"

குளிர்பான டின்னில் எஃப் அண்ட் என் என்று பார்த்திருப்பீர்களே, அதே வீட்டுப் பெயர்தான். ஜான் ஃபிரேசர், டேவிட் நீவ் என்ற இருவர் 1883இல் சிங்கப்பூரில் தொடங்கிய சோடா கம்பெனியில் இருந்து வந்தது. பின்னால் அந்தக் குழுமம் சொத்துத் தொழிலிலும் இறங்கியது. 2013இல் தாய்லாந்துத் தொழிலதிபர் சாரோன் சிரிவதனபக்தியின் கைக்குக் குழுமம் போனது, 2014 ஜனவரியில் சொத்து நிறுவனம் தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது, 2018இல் ஃபிரேசர்ஸ் புராப்பர்ட்டி என்று பெயர் மாறியது.

எல்லா மாலும் இவர்களுடையது இல்லை. தெம்பனிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தைச் சுற்றி மூன்று மால்கள் நிற்கின்றன. செஞ்சுரி ஸ்குவேரும் தெம்பனிஸ் ஒன்னும் ஃபிரேசர்ஸ் பக்கம், தெம்பனிஸ் மால் கேப்பிட்டாலேண்ட் பக்கம். ஒரே சாலையைக் கடக்கும்போது நாம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் போகிறோம், பாதிப் பேருக்கு அது தெரியாது.

"முதல் மால் ஈசூன்லயா? ஆர்ச்சர்ட்ல இல்லையா?"

வீடமைப்புப் பேட்டைக்குள் கட்டிய இந்த வகை மால்களுக்கு முன்னோடி ஈசூன் நார்த்பாயிண்ட்தான், 1992. அதற்கு முன்னால் துணி, காலணி, பிள்ளைக்குப் பள்ளிப் பை என்று எது வாங்குவதென்றாலும் நகர மையத்து ஆர்ச்சர்டுக்கோ லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டுக்கோ போக வேண்டும், பேட்டையில் இருந்தது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளக் கடைகளும் ஈரச்சந்தையும்தான். ஈசூனுக்கு எம்ஆர்டி 1988இல் வந்துவிட்டது, ஆனால் அந்த ரயில் ஆட்களை ஊருக்கு வெளியேதான் கொண்டுபோனது.

நீண்டகால நிலப் பயன்பாட்டுக்கான 1991 கருத்துத் திட்டத்தில் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. வேலை, வியாபாரம் எல்லாம் நகர மையத்திலேயே குவியாமல் தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட், சிலேத்தார் ஆகியவற்றை வட்டார மையங்களாக வளர்ப்பது என்று. அதற்கப்புறம் மால்கள் வரிசையாக எழுந்தன: பீஷானில் ஜங்ஷன் 8 1993இல், தெம்பனிஸ் மாலும் ஜூரோங் பாயிண்ட்டும் 1995இல். உட்லண்ட்ஸுக்கு ரயில் 1996இல் வந்தது, காஸ்வே பாயிண்ட் 1998இல் திறந்தது. ரயில் முன்னால், மால் பின்னால் என்ற வரிசையைக் கவனியுங்கள். கீழே பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

"ஏன் எல்லாம் எம்ஆர்டி வாசல்லயே இருக்கு? கொஞ்சம் தள்ளிக் கட்டினா நிலம் மலிவா கிடைக்குமே?"

மாலை ஆறரைக்கு ஈசூன் நிலையத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக நடந்து பாருங்கள். நீங்கள் கடைக்குப் போவதாகவே நினைத்திருக்க மாட்டீர்கள், பேருந்து பிடித்து வீட்டுக்குப் போவதுதான் எண்ணம். ஆனால் பேருந்து நிலையம் 2019இலிருந்து மாலோடு சேர்ந்து இருக்கிறது, ரயிலுக்கும் பேருந்துக்கும் நடுவில் ரொட்டி வாசனை வருகிறது, பேரங்காடி வருகிறது, மருந்துக்கடை வருகிறது. தயிர் தீர்ந்துபோனது அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். நாலாம் மாடியில் நூலகம், இன்னொரு பக்கம் சமூக மன்றம், எதற்கு வந்தாலும் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மாலின் சொத்து இந்த நடைதான், கட்டடம் அதற்குப் பிறகுதான்.

தள்ளிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பிடோக்கில் ஒரு பாடம் இருக்கிறது. பிடோக் பாயிண்ட் என்ற மாலை ஃபிரேசர்ஸ் சென்டர்பாயிண்ட் டிரஸ்ட் 2011இல் 127 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. 2013 இறுதியில் எம்ஆர்டியை ஒட்டியே பிடோக் மால் திறந்தது. இரண்டுக்கும் நடுவில் சில நிமிட நடைதான். அந்தச் சில நிமிடத்தை யாரும் நடக்கவில்லை. 2020இல் 108 மில்லியனுக்கு விற்றார்கள், அந்த இடம் அடுக்குமாடி வீட்டுத் திட்டத்துக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்து வெளிப்படையான நஷ்டத்தில் அவர்கள் கைகழுவிய இடம் இதுதான். கடை போட இடம் தேடும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

"டிரஸ்ட், ரீட்னு சொல்றீங்களே, அது என்ன? எங்க அத்தை அதுல போட்டிருக்காங்களாம்."

மாலைக் கட்டுவது ஒருவர், சொந்தமாக வைத்திருப்பது இன்னொருவர். வைத்திருப்பதற்கென்று ஒரு அறக்கட்டளை, அதைச் சின்னச் சின்ன யூனிட்டுகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள், அதுதான் ரீட். அத்தை நூறு யூனிட் வைத்திருந்தால் மாலின் வாடகையில் மிகச் சிறிய ஒரு துளி அவருக்கு வருகிறது. சிங்கப்பூரில் இதைத் தொடங்கி வைத்தது 2002இல் வந்த கேப்பிட்டாமால் டிரஸ்ட், தெம்பனிஸ் மால், ஜங்ஷன் 8, ஃபுனான் மூன்றையும் வைத்து. ஃபிரேசர்ஸ் சென்டர்பாயிண்ட் டிரஸ்ட் 2006 ஜூலையில் வந்தது, அதன் கையிலும் மூன்றுதான்: காஸ்வே பாயிண்ட், நார்த்பாயிண்ட், ஆங்கர்பாயிண்ட்.

வரிச் சலுகைக்காக ரீட் தன் வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். தனிநபராக வைத்திருக்கும் உங்கள் அத்தைக்கு அந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை. மூத்தவர்கள் பலருக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

"வர்ற காசையெல்லாம் கொடுத்துட்டா புது மால் வாங்க காசு ஏது?"

சரியான கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். சேமிப்பே கிடையாது, அதனால் பெரிதாக வளர வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று கடன், அதற்கு நாணய ஆணையம் சொத்து மதிப்பில் 50 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்னொன்று புது யூனிட் வெளியிட்டு நம்மிடமே கேட்பது. அதனால்தான் பெரிய மால் வாங்கும் ஒவ்வொரு முறையும் யூனிட்காரர்களுக்குக் கடிதம் வருகிறது. நீங்கள் காசு போடாவிட்டால் உங்கள் பங்கின் அளவு கரைகிறது, போட்டால் கையிலிருந்து போகிறது. வட்டி ஏறிய 2022, 2023இல் கடன் பக்கமும் வலித்தது.

கையிருப்பை விற்றுக் காசாக்குவதும் உண்டு. ஆங்கர்பாயிண்ட்டும் இயூ டீ பாயிண்ட்டும் 2021இல் போயின, சாங்கி சிட்டி பாயிண்ட் 2023இல் போனது. விற்றவை எல்லாம் ஒப்பீட்டில் சிறியவை, வாங்கியவை பெரியவை.

"மூணு மால் ஒன்பதானது எப்படி? ஒண்ணொண்ணா கட்டினாங்களா?"

கட்டியது குறைவு, வாங்கியது அதிகம். பெரிய பாய்ச்சல் 2020இல் நடந்தது. கொவிட் நேரம், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிமுறியடிப்புத் திட்டத்தில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்த வருஷம். அந்த வருஷ இறுதிக்குள் மால்களை வைத்திருந்த ஏஷியாரீட்டெய்ல் ஃபண்ட் என்ற நிதியின் மீதிப் பங்கை ஒரு பில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். தியோங் பாரு பிளாசா, ஒயிட் சேண்ட்ஸ், ஹவ்காங் மால், செஞ்சுரி ஸ்குவேர், தெம்பனிஸ் ஒன் ஐந்தும் ஒரே கையெழுத்தில் உள்ளே வந்தன. ஆர்ச்சர்ட் சுற்றுப்பயணி இல்லாமல் வெறிச்சோடியிருந்தபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பக்கத்து மாலில்தான் சாப்பாடும் சாமானும் வாங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன், அது நல்ல கணிப்புதான்.

பொங்கோல் வாட்டர்வே பாயிண்ட்டில் 2019இலும், சிராங்கூன் நெக்ஸில் 2023இலும் பங்கு வாங்கினார்கள், இப்போது இரண்டிலும் பாதியளவு இவர்களுடையது. 2025இல் நார்த்பாயிண்ட் சிட்டியின் (நார்த்பாயிண்ட்டின் இப்போதைய பெயர்) தெற்குப் பகுதியும் சேர்ந்தது. காஸ்வே பாயிண்ட், நார்த்பாயிண்ட் சிட்டியோடு எண்ணினால் ஒன்பது.

"நார்த்பாயிண்ட் ஒரே கட்டடம்தானே, அப்புறம் தெற்குப் பகுதியை எதுக்கு 2025ல தனியா வாங்கணும்?"

நமக்கு ஒரே கட்டடம். பத்திரத்தில் இரண்டு. பழைய நார்த்பாயிண்ட் ஆரம்பத்திலிருந்தே டிரஸ்ட்டிடம் இருந்தது. பக்கத்து நிலத்தை 2013 அரசாங்க ஏலத்தில் 1.43 பில்லியன் வெள்ளிக்கு ஃபிரேசர்ஸ் எடுத்தது. அதில் 920 கொண்டோ வீடுகள், மால், பேருந்து நிலையம் எல்லாம் ஒன்றாகக் கட்டினார்கள், மால் பகுதி 2017 கடைசியில் திறந்தது. வீடுகளை விற்றதும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்புகிறது, மால் வாடகைக்கு நிற்கிறது. சில வருஷம் வைத்திருந்து, வாடகை நிலைத்ததும் டிரஸ்ட்டிடம் விற்றார்கள்.

உடனே அடுத்த கேள்வி வரும்: அப்பா மகனுக்கு விற்றால் விலை நியாயமாக இருக்குமா? அதற்கென்று விதி இருக்கிறது. சுயேச்சை மதிப்பீட்டாளர்களின் மதிப்பு வேண்டும், யூனிட்காரர்கள் வாக்களிக்க வேண்டும், விற்கும் தரப்பு அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளக் கூடாது. அந்தக் கடிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். தயவுசெய்து படியுங்கள், அது உங்கள் பணம்.

"எல்லா மாலும் ஒரே மாதிரி இருக்கே, அதே பபிள் டீ, அதே ஷூ கடை. ஏன்?"

எனக்கும் இது மனக்குறைதான். ஒரு நிறுவனம் ஒன்பது மாலுக்கும் சேர்த்து ஒரே கடைக்காரரிடம் பேசுவது சுலபம், அந்தக் கடைக்காரருக்கும் ஒன்பது இடம் ஒரே தடவையில் கிடைக்கிறது. தனிக்கடை வைத்திருப்பவரால் அப்படிப் பேரம் பேச முடியாது. அதோடு கடன் கொடுக்கும் வங்கியும் யூனிட்காரர்களும் வாடகை தவறாத பெயர்களையே விரும்புகிறார்கள், அந்த யூனிட்காரர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்கவில்லை.

லக்கி பிளாசாவையும் பெனின்சுலா பிளாசாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கடையும் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். அதனால் யாரும் திட்டம் போடாமலே ஒன்று பிலிப்பீன்ஸ்காரர்களின் இடமாகவும் இன்னொன்று மியன்மார்காரர்களின் இடமாகவும் ஆகிவிட்டது. ஆனால் தனித்தனி முதலாளிகள் என்பதால் கழிவறையைப் புதுப்பிக்கவும் மின்படியை மாற்றவும் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். காஸ்வே பாயிண்ட்டில் 2010 முதல் 2012 வரை சுமார் 72 மில்லியன் வெள்ளி செலவழித்துப் புதுப்பித்தது ஒற்றை முதலாளியால்தான் முடிந்தது.

"அப்போ நம்ம லிட்டில் இந்தியாவுல ஏன் இந்த மாதிரி வரல?"

இரண்டு பக்கமும் வரிசைக் கடைவீடுகள், 1989இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி. இடித்துப் பெரிய மால் கட்ட நிலமே இல்லை. தேக்கா சந்தைக்கு எதிரில் 2003இல் தேக்கா மால் வந்தது, பெயரை வெர்ஜ் என்று மாற்றிப் பார்த்தார்கள், 2017இல் மூடி இடித்து 2020இல் தேக்கா பிளேஸ் என்று புதிதாகத் திறந்தார்கள். சிராங்கூன் ரோட்டில் நாம் சாமான் வாங்கும் விதம் வேறு. மல்லிகைப்பூ ஒரு கடையில், வெற்றிலை அடுத்த கடையில், நகைக்கு நாலு கடை ஏறி இறங்கி, நடுவில் ஒரு டீ. அந்த நடை தெருவிலேயே நடக்கிறது, குளிர்சாதனக் கட்டடத்துக்குள் இழுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முஸ்தஃபா இதற்கு விதிவிலக்கு மாதிரி தோன்றும். ஆனால் அது மால் இல்லை, ஒரே வியாபாரியின் பெரிய கடை. வாடகை வாங்கிப் பிழைப்பதும் சரக்கு விற்றுப் பிழைப்பதும் வேறு வேறு தொழில்.

"ஆன்லைன் இருக்கு, இனி ஜேபிக்கு ரயில் வேற வருது. மால்லாம் தாங்குமா?"

ராபின்சன்ஸ் பல்பொருள் அங்காடி மூடப்போவதாக 2020இல் அறிவித்தபோது எனக்கும் பயம் வந்தது. ஆனால் ஃபோனில் வாங்க முடிந்ததெல்லாம் அங்கே போக, மாலில் அந்த இடத்தைச் சாப்பாடும் பல் மருத்துவமும் துணைப்பாட வகுப்பும் முடிவெட்டும் கடையும் நிரப்பிவிட்டன. இந்த டிரஸ்ட்டுக்கு வரும் வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உணவுக் கடைகளிலிருந்தே வருகிறது.

ஜேபி, அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாரு, விஷயம் கொஞ்சம் சிக்கல். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகர் வரை ஆர்டிஎஸ் ரயில், ஏறக்குறைய ஐந்து நிமிடப் பயணம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம், 2026 இறுதிக்குள் தொடங்குவதாக இரு அரசாங்கங்களும் அறிவித்திருக்கின்றன. சனிக்கிழமை மொத்தச் சாமான், கார் கழுவுதல், முடிவெட்டு எல்லாம் அங்கே போகும், அதில் சந்தேகமில்லை. காஸ்வே பாயிண்ட்தான் முதலில் உணரும். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குக் காய்ச்சல் மருந்தும் இட்லி மாவும் வாங்க யாரும் எல்லை தாண்ட மாட்டார்கள் என்பதுதான் என் நம்பிக்கை. எதிர்ப்பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவர்களும் அதே உட்லண்ட்ஸ் வழியாகத்தான் நடப்பார்கள்.

"மால்ல சின்னதா ஒரு பலகாரக் கடை போடணும். வாடகை கட்டுப்படியாகுமா?"

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. இம்மாதிரி மால்களில் கடைக்காரர்கள் தங்கள் விற்பனையில் சுமார் 16 விழுக்காட்டை இடத்துக்காகக் கொடுக்கிறார்கள், பராமரிப்புக் கட்டணமும் விளம்பரக் கட்டணமும் அதில் அடக்கம். மாதம் 40,000 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், 6,400 இடத்துக்குப் போகிறது. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 576 வெள்ளி. வருஷ விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை அந்த வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் பதிவு செய்யாததால் கட்டிய 576ஐத் திரும்பக் கேட்கவும் முடியாது. கணக்குப் போடும்போது எல்லாரும் விட்டுவிடும் வரி இதுதான்.

அப்புறம் மாவு, எண்ணெய், ஊழியர் சம்பளம், முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேம நிதி) 17 விழுக்காடு. கடை அலங்காரச் செலவு தனி, ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருஷம்தான், போகும்போது எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து வெறும் சிமெண்டுத் தரையாக ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெயர்ப்புச் செலவையும் முதல் நாளே எழுதிவையுங்கள். மேலே பிடோக் கதை சொன்னேனே, வாடகை குறைவு என்று மூலை இடத்தை எடுக்காதீர்கள். ரயில் வாசலிலிருந்து அந்த இடத்துக்கு மாலை நேரத்தில் மூன்று நாள் நடந்து பாருங்கள், எத்தனை பேர் கையில் பையோடு உங்களைத் தாண்டுகிறார்கள் என்று நின்று எண்ணுங்கள்.

"வியாபாரம் நல்லா நடந்தா வாடகையும் கூடுமாமே, உண்மையா?"

உண்மை. அடிப்படை வாடகையோடு விற்பனையில் ஒரு சிறு விழுக்காடும் கேட்பது வழக்கம், அதனால் உங்கள் கல்லாப்பெட்டி மாலின் கணினியோடு இணைந்திருக்கும். என் நண்பர் ஒருவர் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாலில் பலகாரக் கடை வைத்திருந்தார். அடிப்படை வாடகை அல்லது விற்பனை விழுக்காடு, இதில் எது அதிகமோ அது என்று அவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. தீபாவளி மாதம் முறுக்கும் அதிரசமும் பறந்தன, ராத்திரி ஒரு மணி வரை குடும்பமே உட்கார்ந்து பொட்டலம் கட்டியது. அடுத்த மாதம் வாடகைச் சீட்டைப் பார்த்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏமாற்று எதுவும் இல்லை, அவர் கையெழுத்துப் போட்டதுதான். சாதாரண மாதத்தில் அடிப்படை வாடகை தப்பாமல் போனது, நல்ல மாதத்தின் கூடுதலும் போய்விட்டது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. சில்லறை வணிக இடங்களுக்கான குத்தகைச் சட்டம் 2023இல் நிறைவேறி 2024 பிப்ரவரி 1இல் நடப்புக்கு வந்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் வாடகைக்கு ஒரே ஒரு கணக்கு முறைதான் இருக்க வேண்டும், "எது அதிகமோ அது" என்ற வரி வழக்கமாக வரக் கூடாது. இரு தரப்பும் மனமொத்து இந்த விதியிலிருந்து விலகினால் அதை நியாயக் குத்தகைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வட்டாரத்தில் நீங்கள் இன்னொரு கடை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாகப் போடக் கூடாது. உங்களிடம் நீட்டும் தாளில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், இருந்தால் விரலை வைத்துக் காட்டிக் கேளுங்கள். கேட்பதால் யாரும் இடம் தராமல் போய்விட மாட்டார்கள்.

"அவ்வளவு வேண்டாம், தீபாவளிக்கு ரெண்டு வாரம் மட்டும் நடு மண்டபத்துல மேசை போட முடியுமா?"

முடியும், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். குறுகிய கால இடத்துக்கென்று மாலில் தனிக் குழு இருக்கும், தீபாவளி நேரத்து இடங்கள் சீக்கிரம் போய்விடும், அதனால் ஆடி மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன சட்டம் இந்த இரண்டு வாரத்துக்குப் பொருந்தாது, எழுதிக் கொடுப்பதுதான் ஒப்பந்தம். மின்சாரம் யார் செலவு, மேசை யாருடையது, எதிரிலேயே இன்னொரு முறுக்குக் கடைக்கு இடம் கொடுப்பார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். உணவு விற்பதற்கான உரிமத்தைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் அதற்கு அலைய நேரம் இருக்காது. என் நண்பர் இப்போது இப்படித்தான் செய்கிறார், வருஷத்துக்கு இரண்டு வாரம், மின்படி இறங்கும் இடத்துக்கு நேர் எதிரில்.